மறுமை நம்பிக்கையை அளப்பது எப்படி? முஸ்லிம்களிடம் "நம்புகிறீர்களா" என்ற கேள்வி ஏன் போதாது

"மறுமையை நம்புகிறீர்களா?" என்று முஸ்லிம்கள் நூறு பேரிடம் கேட்டால் ஏறக்குறைய நூறு பேருமே "ஆமாம்" என்பார்கள். அப்படியென்றால் இதில் அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். நிறையவே இருக்கிறது. அந்த நூறு பேரில் ஒருவர் தினமும் படுக்கப் போகும் முன் யாருக்காவது கடன் பாக்கி இருக்கிறதா, யார் மனதையாவது நோகடித்துவிட்டோமா என்று யோசித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார், நாளை மஹ்ஷரில் (மறுமையில் எல்லோரும் விசாரணைக்கு நிற்கும் இடம்) அதற்குப் பதில் சொல்லியாக வேண்டுமே என்று. இன்னொருவருக்கு ஜனாஸா எனும் இறந்தவருக்கான தொழுகையில் நிற்கும்போது மட்டும் மறுமை நினைவு வரும், கப்ருஸ்தான் எனும் அடக்கஸ்தலத்தை விட்டு வெளியே வந்ததும் போய்விடும். மூன்றாமவர் கப்ரு (மண்ணறை) வேதனையை நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டவர். நான்காமவருக்கோ, இறந்துபோன அம்மாவை மறுபடி பார்க்கப்போகிறோம் என்ற எண்ணம்தான் மறுமை. கணக்கெடுப்புப் படிவத்தில் இந்த நால்வரும் ஒரே கட்டத்தில் டிக் அடித்திருப்பார்கள்.

இந்த நால்வரையும் பிரித்துக் காட்டும் ஒரு கேள்வித்தாளை உருவாக்க முடியுமா என்பதுதான் விஷயம். மத உளவியல் படிக்கிறவர்கள் இதில் பல வருடங்களாக உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்குப் பெரிய கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அடிப்படையை யாரும் புரிந்துகொள்ளலாம்.

முதலில், நம்பிக்கையை "அளப்பது" என்றால் என்ன? உயரத்தைப்போல நம்பிக்கையை நேராக அளக்க வழியில்லை, மனதுக்குள் இருப்பதை வெளியே தெரியும் பதில்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அதற்கு உளவியலில் அதிகம் புழங்கும் முறை 1932ல் ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் கொடுத்தது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, "முற்றிலும் ஏற்கிறேன்" என்பதிலிருந்து "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. நீங்களும் எங்காவது இப்படி ஒரு படிவத்தை நிரப்பியிருப்பீர்கள். ஒரே வாக்கியத்தை நம்பாமல் பத்துப் பதினைந்து வாக்கியங்கள் கேட்டு, மதிப்பெண்களைக் கூட்டிக்கொள்வார்கள். ஏனென்றால் ஒரு வாக்கியத்தை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம், அவசரத்தில் டிக் அடித்திருக்கலாம், பல வாக்கியங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது அந்தச் சிறு பிழைகள் ஓரளவு சமனாகிவிடும்.

அப்புறம், அந்த வாக்கியங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். லீ கிரான்பாக் 1951ல் எழுதிய கட்டுரை வழியாகப் பிரபலமான ஆல்ஃபா என்ற எண் இதற்குத்தான். பொதுவாக 0 முதல் 1 வரை இருக்கும், 0.7க்கு மேல் வந்தால் பெரும்பாலான ஆய்வாளர்கள் பரவாயில்லை என்பார்கள். அதன் தத்துவம் எளிது: முதல் வாக்கியத்துக்கு அதிக மதிப்பெண் போட்டவர்கள் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அதிகம் போடுகிறார்களா, குறைவாகப் போட்டவர்கள் எல்லாவற்றுக்கும் குறைவாகப் போடுகிறார்களா என்று பார்ப்பது.

இங்கேதான் முஸ்லிம்கள் விஷயத்தில் முதல் முட்டுக்கட்டை வருகிறது. ஸுன்னி முஸ்லிம்களின் கொள்கையில் ஈமான் என்பது ஆறு விஷயங்களை நம்புவது: அல்லாஹ், மலக்குகள் (வானவர்கள்), வேதங்கள், நபிமார்கள், இறுதி நாள், கத்ர் எனும் விதி. மறுமை இதில் ஒன்று. அதாவது மறுமையை மறுப்பவர் ஒரு கருத்தை மட்டும் மறுக்கவில்லை, தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்ளும் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்குகிறார். அதனால் "மறுமை உண்டு" என்ற வாக்கியத்துக்கு எல்லோரும் 5 போடுவார்கள். "சொர்க்கம் உண்டு", 5. "நரகம் உண்டு", 5. எல்லோரும் எல்லாவற்றுக்கும் 5 போட்டால் அதிகம் போட்டவர், குறைவாகப் போட்டவர் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆல்ஃபாவைக் கணக்கிடவே வேற்றுமை எதுவும் மிஞ்சாது. யார் ஏறி நின்றாலும் அறுபது கிலோ என்று காட்டும் எடை மெஷினை வைத்துக்கொண்டு யார் கனமானவர் என்று தேடுவதைப் போன்றது அது. ஆய்வாளர்கள் இதை சீலிங் எஃபெக்ட் என்பார்கள்.

பெரிய கணக்கெடுப்புகளிலும் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2012ல் வெளியிட்ட உலக முஸ்லிம்கள் பற்றிய அறிக்கை 39 நாடுகளில், 80க்கும் மேற்பட்ட மொழிகளில், 38,000க்கும் அதிகமானவர்களை நேரில் சந்தித்துக் கேட்டு எழுதப்பட்டது. சொர்க்கம், நரகம் பற்றிய கேள்விகளுக்குப் பெரும்பாலான பகுதிகளில் கிட்டத்தட்ட எல்லோரும் "நம்புகிறேன்" என்றே சொன்னார்கள். நீண்ட காலம் கம்யூனிச ஆட்சியில் இருந்த நாடுகள் நிறைந்த தென்கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும்தான் எண்கள் கொஞ்சம் இறங்கின. ஆனால் அதே அறிக்கையில் வேறொரு கேள்வி இருந்தது: மஹ்தி (உலக முடிவுக்கு முன் தோன்றுவார் என்று நம்பப்படும் வழிகாட்டி) வருவது உங்கள் வாழ்நாளிலேயே நடக்கும் என்று நம்புகிறீர்களா? இது 23 நாடுகளில் கேட்கப்பட்டது, அதில் 9 நாடுகளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஆமாம் என்றார்கள். ஆப்கானிஸ்தானில் 83 சதவீதம், ஈராக்கில் 72, துருக்கியில் 68, துனிசியாவில் 67. மற்ற 14 நாடுகளில் பாதிக்கும் கீழே. கவனியுங்கள், கேள்வி "உண்டா இல்லையா" என்பதிலிருந்து "எவ்வளவு அருகில்" என்று மாறியதுமே பதில்கள் பிரியத் தொடங்கிவிட்டன. நல்ல கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. (ஒரு விஷயம், இந்தியா, ஈரான், சவூதி அரேபியா, சீனா போன்ற நாடுகள் இந்தக் கணக்கெடுப்பில் இல்லை. "உலக முஸ்லிம்கள்" என்ற தலைப்பைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.)

சரி, ஏற்கெனவே மேற்கில் செய்து வைத்த அளவுகோல்களை மொழிபெயர்த்துப் பயன்படுத்தினால் என்ன? அப்படிப் பலர் செய்திருக்கிறார்கள். 1973ல் ஓசார்ச்சுக், டாட்ஸ் என்ற இருவர் உருவாக்கிய மறுவாழ்வு நம்பிக்கை அளவுகோல் இந்தத் துறையில் அடிக்கடி பேர் சொல்லப்படும் ஒன்று. ஆனால் அது நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் கலந்திருக்கும் சமூகத்துக்காகச் செய்தது. அங்கே "மரணத்தோடு எல்லாம் முடிந்துவிடும்" என்பது மாதிரியான ஒரு வாக்கியம் ஆட்களை அழகாக இரண்டாகப் பிரிக்கும். முஸ்லிம்களிடம் அது பிரிக்காது, அதோடு வேறொரு சங்கடத்தையும் உண்டாக்கும். கேள்வித்தாள் செய்கிறவர்கள் வழக்கமாகச் சில வாக்கியங்களைத் தலைகீழாக எழுதுவார்கள், படிக்காமலே எல்லாவற்றுக்கும் "ஏற்கிறேன்" போடுபவர்களைக் கண்டுபிடிப்பதற்காக. ஆனால் ஈமான் உள்ள ஒருவருக்கு "மறுமை என்று ஒன்று இல்லை" என்ற வாக்கியத்தைத் தன் சொந்தக் கூற்றுபோல வாசிப்பதே மனதுக்கு ஒப்பாது, சிலர் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடக்கூடும். அந்த மனிதரை அப்படி ஒரு நிலைக்குத் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. "சிலர் இப்படிச் சொல்கிறார்கள், நீங்கள் எவ்வளவு தூரம் உடன்படுகிறீர்கள் அல்லது மாறுபடுகிறீர்கள்" என்று வேறொருவர் வாயில் வைத்துக் கேட்டால் அதே தகவல் கிடைத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. "மரணத்துக்குப் பின் வாழ்வு" என்று பொதுவாகக் கேட்டால் அது ஒரே விஷயம்போல ஒலிக்கிறது. ஒரு முஸ்லிமின் மனதில் அது ஒரு நீண்ட பயணம். உயிர் பிரிவது, கப்ரு, அங்கே முன்கர் நகீர் என்ற வானவர்கள் கேட்கும் கேள்விகள், கியாமத் எனும் இறுதி நாள் வரை நீளும் பர்ஸக் எனும் இடைக்கால வாழ்வு, எழுப்பப்படுவது, மஹ்ஷரில் நிற்பது, செயல்களின் ஏடு கையில் தரப்படுவது, மீஸான் எனும் தராசில் நிறுக்கப்படுவது, ஸிராத் பாலம், அதற்குப் பிறகுதான் சொர்க்கமும் நரகமும். ஒருவர் நரகத்தை நினைத்து அவ்வளவாகக் கலங்காமல் கப்ரின் தனிமையை நினைத்து நடுங்கலாம். சொர்க்கம், நரகம் என்று இரண்டே கேள்வி கேட்கும் ஒரு படிவம் அவருடைய அச்சத்தை முழுக்கத் தவறவிட்டுவிடும்.

முஸ்லிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடுகளும் இருக்கின்றன. மறுமையில் அல்லாஹ்வைக் கண்ணால் காண முடியும் என்பது ஸுன்னிகளின் கொள்கை, ஷியாக்களும், ஓமானில் அதிகம் வாழும் இபாழி பிரிவினரும் அதை ஏற்பதில்லை. பெரும்பாவம் செய்து தௌபா (பாவமன்னிப்புக் கோரல்) செய்யாமல் இறந்த முஸ்லிம் தண்டனைக்குப் பின் ஒருநாள் நரகத்திலிருந்து வெளியேறுவார் என்று ஸுன்னிகள் சொல்வார்கள், இபாழிகள் அவர் அங்கேயே நிரந்தரமாக இருப்பார் என்பார்கள். "மறுமையில் அல்லாஹ்வைக் காண்பேன் என்று நம்புகிறேன்" என்ற வாக்கியத்தை அளவுகோலில் வைத்தால், ஓமானில் இருக்கும் ஒரு பக்திமிக்க இபாழி குறைந்த மதிப்பெண் வாங்குவார். நம்பிக்கை குறைவு என்று அதைப் படித்தால் தப்பு. அவர் தன் கொள்கையில் உறுதியாக இருக்கிறார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்த்தபின் ஆய்வாளர்கள் வேறு வழியில் யோசிக்கத் தொடங்கினார்கள். நம்பிக்கை இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு அது மனதில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்பது. பாகிஸ்தானில் முஸ்லிம்களுக்கென்றே உருவாக்கி 2017ல் வெளியான ஓர் அளவுகோலில் மூன்று பகுதிகள் உண்டு: மறுமையைப் பற்றிய இனிய எதிர்பார்ப்பு, அச்சம் தரும் எதிர்பார்ப்பு, மரணத்தோடு அழிந்துபோவோம் என்ற எண்ணம். மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். ஒருவருக்கு முதல் இரண்டும் ஒருசேர உயர்ந்து இருக்கலாம், அதில் முரண் எதுவும் இல்லை. குர்ஆன் 32:16 நல்லடியார்களை வர்ணிக்கும்போதே அவர்கள் தம் இறைவனை அச்சத்தோடும் ஆதரவோடும் (நல்லது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடும்) அழைப்பார்கள் என்றுதான் சொல்கிறது. அச்சமும் ஆதரவும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது இடைக்கால மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி விரிவாக எழுதிய விஷயம். ஆக, ஒரே கோட்டின் ஒரு முனையில் ஆதரவையும் மறுமுனையில் பயத்தையும் வைக்கும் எந்த அளவுகோலும் முஸ்லிம் மனதுக்குப் பொருந்தாது, இரண்டுக்கும் இரண்டு தனிக் கோடுகள் வேண்டும்.

இப்படிப் பிரிப்பதால் உண்மையில் ஏதாவது தெரியவருகிறதா? 2012ல் அஸிம் ஷரீஃபும் ரெம்துல்லாவும் 67 நாடுகளின் தரவை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள், முஸ்லிம்கள் மட்டுமின்றி எல்லா மதத்தவரும் அதில் அடக்கம். நரகத்தை நம்புவோர் விகிதம் அதிகமுள்ள நாடுகளில் குற்றங்கள் குறைவாகவும், நரகத்தைக் காட்டிலும் சொர்க்கத்தை நம்புவோர் அதிகமுள்ள நாடுகளில் குற்றங்கள் கூடுதலாகவும் இருந்தன. நரக பயம்தான் குற்றத்தைத் தடுக்கிறது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. நாடுகளுக்கிடையே ஆயிரம் வித்தியாசங்கள் உண்டு, இரண்டு எண்கள் சேர்ந்து நகர்வதால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. ஆனால் சொர்க்கத்தையும் நரகத்தையும் ஒரே எண்ணாகச் சேர்த்திருந்தால் இந்த வித்தியாசமே கண்ணில் பட்டிருக்காது.

இனி, என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே மிகவும் கவனமாகக் கையாள வேண்டிய இடத்துக்கு வருகிறேன். "நான் சொர்க்கத்துக்குப் போவேன்" என்று ஒரு வாக்கியம் வைத்து, ஐந்து படிகளில் பதில் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வேளையும் தவறாமல் தொழும் ஒரு பெரியவர் எதை டிக் அடிப்பார்? பெரும்பாலும் நடுவில் இருக்கும் "உறுதியாகச் சொல்ல முடியாது" என்பதைத்தான், அல்லது ஓரத்தில் "இன்ஷா அல்லாஹ்" என்று எழுதி வைப்பார். தன் முடிவு தனக்குத் தெரியாது, அது மறைவான விஷயம், அல்லாஹ் மட்டுமே அறிவான் என்பது அவர் நம்பிக்கையின் ஒரு பகுதி. எவருடைய அமலும் (செயலும்) அவரைச் சொர்க்கத்தில் நுழைக்காது என்று நபி (ஸல்) சொன்னபோது "தங்களையுமா?" என்று தோழர்கள் கேட்டார்கள், "என்னையும்தான், அல்லாஹ் தன் அருளால் என்னைப் போர்த்திக்கொண்டால் தவிர" என்று பதில் வந்தது. புகாரி, முஸ்லிம் என்ற இரு நபிமொழித் தொகுப்புகளிலும் உள்ள ஹதீஸ் இது. இதைக் கேட்டு வளர்ந்தவர் எப்படி 5 போடுவார்? கணினியில் ஏற்றப்பட்ட பிறகு அவருடைய 3, நம்பிக்கை தளர்ந்த ஒருவருடைய 3 போலவே இருக்கும். அந்தத் தரவை வைத்து "தொழுகையாளிகளிலும் கணிசமானோர் சந்தேகத்தில்" என்று யாராவது எழுதினால் அது அந்தப் பெரியவருக்குச் செய்யும் அநியாயம்.

இதற்குத் தீர்வு கேள்வியை உடைப்பதுதான். மறுமை உண்டு என்பதில் எவ்வளவு உறுதி என்பது ஒரு கேள்வி. அல்லாஹ் மன்னிப்பான் என்று எவ்வளவு ஆதரவு வைத்திருக்கிறீர்கள் என்பது தனிக் கேள்வி. கடந்த ஒரு வாரத்தில் மரணத்தையோ விசாரணையையோ எத்தனை முறை நினைத்தீர்கள் என்பது மூன்றாவது. ஏதாவது ஒரு முடிவு எடுக்கும்போது மறுமை நினைவு குறுக்கே வந்ததா என்பது நான்காவது. கடைசி இரண்டும்தான் ஆட்களை உண்மையில் பிரிக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதற்கு "சரியான பதில்" என்று மார்க்கம் எதையும் நேரடியாக விதிக்கவில்லை. எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம், ரமழானில் கேட்டால் ஒரு பதில் வரும், மற்ற மாதத்தில் வேறு பதில் வரும்.

சந்தேகத்தைக் கேட்பதிலும் இதே நுணுக்கம் வேண்டும். மனதில் வந்து போகும் வஸ்வாஸ் எனும் ஊசலாட்டம் வேறு, நம்பிக்கையே கைவிட்டுப் போவது வேறு. தோழர்கள் சிலர் தங்கள் மனதில் வெளியே சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் வருகின்றன என்று நபியிடம் முறையிட்டபோது, அப்படி அஞ்சுவதே தெளிவான ஈமான் என்ற பொருளில் ஆறுதல் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஆகவே "சந்தேகம் வந்ததுண்டா" என்று கேட்டு நிறுத்தாமல், வந்தபோது என்ன செய்தீர்கள், அது எவ்வளவு துன்பம் தந்தது என்றும் கேட்க வேண்டும். ஹிஷாம் அபூ ரய்யாவும் சக ஆய்வாளர்களும் 2008ல் வெளியிட்ட இஸ்லாமிய சமயப்பற்று அளவுகோல் இந்தத் திசையில் நல்ல முயற்சி. அதில் நம்பிக்கைகளுக்கு ஒரு பகுதி, சமயம் சார்ந்த மனப்போராட்டத்துக்கு ஒரு பகுதி, துன்பத்தை அல்லாஹ்வின் தண்டனையாகப் பார்ப்பதற்கு இன்னொரு பகுதி என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள்.

யார் கேட்கிறார், எப்படிக் கேட்கிறார் என்பது எண்ணை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஈரான் ஓர் உதாரணம். அரசின் மக்கள்தொகைக் கணக்கில் அங்கே 99 சதவீதத்துக்கு மேல் முஸ்லிம்கள். 2020ல் நெதர்லாந்திலிருந்து இயங்கும் கமான் என்ற ஆய்வு அமைப்பு பெயர் சொல்லாமல் இணையத்தில் நிரப்பும் ஒரு கேள்வித்தாளைப் பரப்பியது, சுமார் 50,000 பேர் பதில் தந்தார்கள். கடவுளை நம்புவதாக 78 சதவீதம் பேர் சொன்னார்கள், மரணத்துக்குப் பின் வாழ்வை நம்புவதாகச் சொன்னவர்கள் 37 சதவீதம், சொர்க்க நரகத்தை நம்புவதாகச் சொன்னவர்கள் 30 சதவீதம். எது உண்மை? இரண்டையுமே அப்படியே ஏற்க முடியாது. அரசின் படிவத்தில் மதம் இல்லை என்று எழுதுவது அங்கே ஆபத்தானது. இணையக் கேள்வித்தாளோ சமூக ஊடகங்கள் வழியாகக் கைமாறிக் கைமாறிப் போனது, குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆட்சிமீது அதிருப்தி உள்ளவர்களிடம் அதிகம் போய்ச் சேர்ந்திருக்கலாம். பதில்களை மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப எடையிட்டுச் சரிசெய்தாலும் அந்தச் சாய்வு முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், பயமில்லாமல் பதில் சொல்ல முடிந்தால் எண் கீழே இறங்கக்கூடும் என்பதை மட்டும் மறுக்க முடியாது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் நம்மை என்ன நினைப்பார் என்ற கூச்சம் சுதந்திரமான நாடுகளிலும் உண்டு, அதனால்தான் இத்தகைய கேள்விகளைத் தனியாக, பெயரில்லாமல் நிரப்பக் கொடுப்பது நல்லது.

செயலை வைத்து அளக்கலாமே, தர்மம் செய்கிறாரா, கடனை அடைக்கிறாரா என்று பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பார்க்கலாம், ஆனால் தர்மத்துக்கு இரக்கம் காரணமாக இருக்கலாம், ஊர் மெச்ச வேண்டும் என்பதும் காரணமாக இருக்கலாம், கையில் காசு இல்லாதவர் மறுமையை நினைத்து அழுதாலும் கொடுக்க முடியாது. துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறையில் புதிதாக ஒரு கேள்வித்தாள் செய்ய நினைக்கிற மாணவர்களுக்கு இரண்டு வேலைகளை முதலில் செய்யச் சொல்வேன்: வாக்கியங்களை ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) காட்டுங்கள், மார்க்க ரீதியாகத் தவறில்லையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பிறகு அதே வாக்கியங்களைச் சாதாரண ஆட்கள் சிலரிடம் கொடுத்து, பதில் போடும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மேலே சொன்ன பெரியவரின் 3 எதைக் குறிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும், எந்தப் புள்ளியியல் மென்பொருளும் அதைச் சொல்லாது. பெரும்பாலான ஆய்வுகள் கைக்கு எட்டும் கல்லூரி மாணவர்களிடமே நடப்பதால், வயதானவர்கள், நோயாளிகள், படிப்பறிவு குறைந்தவர்களிடமும் இதைச் செய்தாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்கியத்தைப் படித்துக் காட்டி, பதிலை மட்டும் அடுத்தவர் பார்க்காமல் குறிக்க ஒரு வழி செய்து கொடுக்கலாம்.

அதோடு, கேட்கப்படுகிறவர் போன மாதம்தான் பிள்ளையைப் பறிகொடுத்தவராக இருக்கலாம், கப்ரு வேதனையைப் பற்றிய வாக்கியம் அவரை எப்படித் தைக்கும் என்று யோசியுங்கள். வஸ்வாஸ் நோயாகவே முற்றிப்போய், தொழுகை ஏற்கப்பட்டதா இல்லையா என்று நாள் முழுக்கத் தவிக்கிறவராக இருக்கலாம். அவர்களுக்குக் கேள்வியைத் தாண்டிச் செல்லும் உரிமை முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் யாரோடு பேசலாம் என்ற தகவலும் இருக்க வேண்டும், அச்சத்தைப் பற்றிய கேள்விகளோடு படிவம் முடிந்துவிடாமல் ஆதரவைப் பற்றிய கேள்விகள் அதற்குப் பின்னால் வரும்படி வரிசையை அமைக்க வேண்டும்.